பதிவு இல்லத்துக்கு மட்டும்தானா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சோதனை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜார்கண்ட் பையன் ஒருவன் அகப்படுகிறான். மேஸ்திரி ஆதார் கார்டை நீட்டி, ‘வயசு பதினாறுங்க’ என்கிறார். 14 வயது நிறையாதவரை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களுக்குத் தடை. ஆக, வயதுதான் முதல் கேள்வி. அதற்கு ஆதார் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பள்ளிச் சான்று வேண்டும். இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லையென்றால்தான் மருத்துவப் பரிசோதனை. இந்த வரிசை தெரியாதவர் அங்கே போய் நின்றால், மேஸ்திரி சொன்ன வயதே ஏட்டில் ஏறிவிடும்.

மீட்ட பையனை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பிறகு 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை. வீட்டில் யார் இருக்கிறார்கள், கடன் எவ்வளவு, அழைத்து வந்தவர் மாமாவா தரகரா, திருப்பி அனுப்பினால் அடுத்த மாதமே வேறு ரயிலில் ஏற்றிவிடுவார்களா, இவ்வளவும் அதில் வரவேண்டும். குழு நான்கு மாதத்துக்குள் எடுக்கும் இறுதி முடிவு பெரும்பாலும் அந்தத் தாள்களையே நம்பியிருக்கிறது.

எழுதுகிறவரின் தகுதிக்கு யார் பொறுப்பு?

குழு உறுப்பினர்களுக்குச் சட்டமே தகுதி வகுத்திருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தப்படி உளவியல், சட்டம், சமூகப்பணி போன்ற படிப்பும், குழந்தைகளோடு ஏழாண்டு வேலை செய்த அனுபவமும் பார்க்கிறார்கள். அந்தப் படிப்போடு தொழில் செய்து வருபவருக்கும் வழி உண்டு. அந்த அறிக்கையை எழுதக்கூடிய மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர்கள் வேறு ரகம். விளம்பரத்தில் கல்வித் தகுதி கேட்பார்கள். வேலை பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். கோவையில் பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ., அவினாசிலிங்கத்தில் மனித மேம்பாடு என்று படித்தவர்கள் இந்த வேலைக்கு வரலாம். ஆனால் வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல இவர்களைப் பதிவுசெய்ய நாடு தழுவிய அமைப்பு கிடையாது. சிறப்புக் கல்வி ஆசிரியர்கூட 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். இங்கிலாந்தில் பதிவில்லாதவர் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்வதே 2005 முதல் குற்றம். நம் ஊரிலோ ஒரு பிளெக்ஸ் பேனர் போதும். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 சட்டத்தின் பட்டியலில் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் பாதுகாப்பு தனித் தொழிலாக அதில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், குழந்தைகள் தங்கும் இல்லத்துக்குப் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். கட்டடத்துக்கு இவ்வளவு கெடுபிடி. உள்ளே குழந்தையோடு பழகுகிறவருக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை.

பயிற்சிகள் இல்லாமல் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸின் ‘சம்வாத்’ அமைப்பு குழந்தைகள் மனநலத்தில் நல்ல பயிற்சி தருகிறது. ஆனால் பயிற்சிச் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. தப்புச் செய்தால் உரிமத்தைப் பறிக்கலாம். சான்றிதழை யாரும் திரும்பக் கேட்பதில்லை. ஒரு மாவட்டத்தில் நீக்கப்பட்டவர் அடுத்த மாவட்டத்தில் ஓர் இல்லத்தில் சேர்ந்தால், பெயரைத் தேடிப் பார்க்க ஓர் ஏடு வேண்டாமா? உரிமம் கேட்பதற்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் காரணம், படிப்பெல்லாம் அப்புறம்தான். பட்டத்தை மட்டும் அளவுகோலாக்கினால், இருபது வருஷமாகக் குழந்தைகளை வளர்த்தெடுத்த விடுதிக் காப்பாளர் அம்மாக்கள் வெளியே போய்விடுவார்கள். அனுபவத்துக்கும் தேர்வு வைத்துப் பதிவு தரலாம்.

சட்டம் வரும்போது வரட்டும். பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பதிவுச் சான்று எங்கே? பணியாளர்களுக்கு போலீஸ் சரிபார்ப்பு நடந்ததா? (போக்சோ விதிகள் 2020 ஒப்பந்த ஊழியருக்கும் சேர்த்தே இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.) ஆலோசகர் யார், என்ன படித்தார்? பதில் மழுப்பலாக இருந்து, குழந்தைகள் நிலையும் சரியாகப் படவில்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். இரவு பகல் பார்க்க வேண்டாம், கட்டணமும் கிடையாது.