ஒலிபரப்பு நேரம் – 9: உத்தம்குமார் தோற்ற விடியற்காலை

போன வாரம் உங்களை ப்ரூக்ளினில் விட்டுவிட்டு வந்தேன். 2018 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. பழைய படைக் கிடங்கு ஒன்றில் மேடை போட்டு, என்பிசி தொலைக்காட்சி 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' ராக் இசை நாடகத்தை நேரடியாக ஒளிபரப்பிய இரவு. ஏசுவாக ஜான் லெஜண்ட். ஏரோது மன்னனாக ஆலிஸ் கூப்பர் வந்து நின்றதும் அரங்கமே கூச்சலிட்டது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சுமார் 94 லட்சம் பேர். அவர்களில் நிறையப் பேருக்கு நாடகம் பிடித்தது. அந்தக் கூச்சல்தான் பிடிக்கவில்லை. சிலுவைக்குப் போகிற மனிதனைப் பார்த்து விசிலடிப்பார்களா, நடுநடுவே விளம்பரம் வேறா என்று அன்றிரவே எழுதித் தள்ளினார்கள்.

சாமி கதையை நட்சத்திரத்தை வைத்துச் சொன்னால் கைதட்டல் எந்தப் பக்கம் போகும் என்பது பழைய வழக்கு. நம் நாட்டில் அதற்கு ஒரு தீர்ப்பே வந்திருக்கிறது. வந்த ஊர் கொல்கத்தா. வருஷம் 1976. இந்த வாரம் அங்கே போவோம்.

பாலிகஞ்சில் மேடாக்ஸ் ஸ்கொயர் பக்கம் வாடகைக்குக் குடிபோன முதல் வருஷம். மஹாளய அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் மேல்வீட்டு மாசிமா படியிறங்கி வந்தார். "ரேடியோ வச்சிருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டில் உப்பு இல்லை என்று சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். "சரி, ஜன்னலையாவது திறந்து வை. நாலு மணிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

நாலு மணிக்கு ஒரு சங்கு. முதலில் மாடியிலிருந்து, பிறகு எதிர்வீட்டிலிருந்து, அப்புறம் தெருக்கோடி டீக்கடையிலிருந்து. அதன் பின்னால் கனத்த, லேசாக நடுங்குகிற ஓர் ஆண்குரல். தூக்கம் கலைந்து கீழே இறங்கி நடந்தேன். கரியாஹாட் வரை போனாலும் ஒரு வார்த்தை விட்டுப்போகாது போலிருந்தது. ஒரு வீட்டு ஜன்னலில் நழுவியது அடுத்த வீட்டு ஜன்னலில் கிடைத்தது. திரும்பி வந்தபோது மாசிமா வாசல்படியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீ ஆடை கட்டிப் போயிருந்தது. முடிகிற இடத்தில் அந்தக் குரல் உடைந்து அழுகிறது. மாசிமா புடவைத் தலைப்பை எடுத்தார்.

நமக்கு மஹாளய அமாவாசை என்றால் எள்ளும் தண்ணீரும். ராமேஸ்வரம், வேதாரண்யம், கடல் முழுக்கு. அங்கேயும் கங்கைக் கரையில் அதே தர்ப்பணம் நடக்கிறது. ஆனால் வங்காளிக்கு அது துர்கை பிறந்த வீட்டுக்குக் கிளம்பும் நாளும்கூட. அவள் கிளம்பிவிட்டாள் என்று சொல்வது பஞ்சாங்கமல்ல, வானொலி.

நிகழ்ச்சியின் பெயர் 'மஹிஷாசுரமர்த்தினி'. 1930களின் தொடக்கத்தில் பிறந்தது. எழுதியவர் பாணி குமார், இசை பங்கஜ் மல்லிக், சண்டி பாராயணமும் உரையும் பீரேந்திர கிருஷ்ண பத்ரா. ஸ்லோகமும் வங்காளி உரைநடையும் பாட்டும் கலந்து ஒன்றரை மணி நேரம். பீரேந்திர கிருஷ்ணர் பிராமணர் அல்ல. அவர் எப்படிச் சண்டி ஓதலாம் என்று அன்றே முணுமுணுப்பு எழுந்தது. பாணி குமார் அசையவில்லை. வாத்தியக்காரர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். அதையும் யாரும் மாற்றவில்லை.

அறுபதுகள் வரை இது நேரடி ஒலிபரப்புதான். முதலில் கார்ஸ்டின் பிளேஸில் இருந்த பழைய நிலையம். 1958-க்குப் பிறகு ஈடன் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஆகாஷ்வாணி பவன். கலைஞர்கள் நடுராத்திரி தாண்டியதும் வந்து சேர வேண்டும். குளித்து, தூய ஆடை உடுத்திக்கொண்டு மைக் முன்னால் உட்காருவார்கள். வானொலியில் யார் உடுப்பைப் பார்க்கப் போகிறார்கள்? பார்க்க ஆளில்லாத இடத்தில் உடுத்திய அந்த ஆடைதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய விஷயமாகப் படுகிறது. துவிஜேன் முகர்ஜி, சுப்ரீதி கோஷ், மானபேந்திர முகர்ஜி, சந்தியா முகர்ஜி எனப் பாடியவர்கள் எல்லோருமே பெரிய பேர்கள். ஆனாலும் அந்த விடியலில் ஒருவர் பெயரும் முன்னால் வராது.

நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலி அதிகாரிகளுக்கு ஓர் எண்ணம் வந்தது: பழசாகிவிட்டது, புதுசாகச் செய்வோம். செய்ததைச் சிக்கனமாகவும் செய்யவில்லை. எழுத்து தியானேஷ் நாராயண் சக்கரவர்த்தி. இசை ஹேமந்த் முகர்ஜி, அதாவது இந்திப் படங்களில் நாம் கேட்ட ஹேமந்த் குமார். பாட லதா மங்கேஷ்கர் வரை வந்தார்கள். பேச உத்தம்குமார். வங்காளத்துக்கு அவர் யார் என்று தமிழ் வாசகருக்கு விளக்க ஒரு வழிதான் உண்டு. எம்.ஜி.ஆரின் முகராசியையும் சிவாஜியின் நடிப்பையும் ஒரே ஆளிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் 'மகாநாயகன்' என்று சொல்வது சும்மா இல்லை. நிகழ்ச்சிக்குப் புதுப் பெயரும் வைத்தார்கள்: 'தேவீம் துர்கதிஹாரிணீம்'. பழைய குழுவை முறையாகக் கலந்து பேசவில்லை என்பது இன்றுவரை அந்த ஊரில் சொல்லப்படும் குறை. பாணி குமார் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

1976-ன் மஹாளய அமாவாசை. நாலு மணிக்கு ஊர் எழுந்து ரேடியோவைத் திருகியது. வேறு குரல்.

ஒலிபரப்பு முடிவதற்குள் நிலையத்துத் தொலைபேசி ஓயாமல் அடிக்க ஆரம்பித்ததாம். விடிந்ததும் ஆகாஷ்வாணி பவன் வாசலில் கூட்டம். பிறகு கடிதங்கள், பத்திரிகைகளில் கண்டனம். கூட்டம் கூடவே யோசிக்க வேண்டிய நெருக்கடி நிலைக் காலம் அது என்பதையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள். உத்தம்குமாரின் படம் வந்தால் முதல் காட்சிக்கு முண்டியடிக்கிற அதே ஜனம்தான் இது. மாசிமாவும் அதில் ஒருவர். அப்போது அவருக்குக் கல்யாணமான புதிது. "உத்தம் படம் ஒன்றுகூட விட்டதில்லை" என்றார். "ஆனால் அன்றைக்கு எங்கள் மாமியார் ரேடியோவை அணைத்துவிட்டு, இந்த வருஷம் அம்மா வரவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்."

அந்த மாமியார் சொன்னதில் எல்லாமே இருக்கிறது என்று நினைக்கிறேன். நிகழ்ச்சி மோசம் என்று அவர் சொல்லவில்லை. வரவில்லை என்றார். இசைத்தட்டாக வெளிவந்த அந்தப் பாடல்களை நான் பின்னால் கேட்டிருக்கிறேன். ஹேமந்தின் இசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில இடங்கள் அழகு. உத்தம்குமார் ஒழுங்காகத்தான் பேசியிருக்கிறார். சிக்கல் வேறு. அந்தக் குரலைக் கேட்டதும் கண்ணுக்கு முன்னால் உத்தம்குமார் வந்து நிற்கிறார். பீரேந்திர கிருஷ்ணரின் குரலைக் கேட்டால் யாரும் வந்து நிற்பதில்லை. 1941-ல் தாகூரின் இறுதி ஊர்வலத்தை வர்ணித்த குரல், எத்தனையோ வானொலி நாடகங்களில் வந்த குரல். முகம் பெரும்பாலோருக்குத் தெரியாது. முகம் இல்லாததால் தேவிக்கு இடம் இருந்தது.

நமக்கும் இது புரியாத சமாச்சாரம் அல்ல. விடியற்காலை எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத்தில் கண்விழித்துப் பழகிய வீட்டில், ஒருநாள் அதே நேரத்துக்கு நமக்கு மிகவும் பிடித்த நடிகர் அதைப் பாடினால் என்ன செய்வோம்? நடிகர் மேல் கோபம் வராது. யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்றுதான் கேட்போம்.

இந்த அம்சத்தில்தான் ப்ரூக்ளினும் கொல்கத்தாவும் பிரிகின்றன. 'சூப்பர்ஸ்டார்' 1971-ல் பிராட்வே ஏறியபோது வாசலில் மறியல் செய்தவர்கள் அது தங்கள் ஏசு இல்லை என்றார்கள். அந்த நாடகம் தொடக்கத்திலேயே நட்சத்திரத்தைப் பற்றியது. புகழ் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதுதான் அதன் கேள்வி. ஆகவே ஜான் லெஜண்டுக்குக் கூச்சலிட்டவர்களை என்னால் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. கதைக்குள் இருக்கும் ஜனங்களும் அப்படித்தானே கத்துகிறார்கள். கொல்கத்தா நிகழ்ச்சியிலோ ரசிகர் என்று ஒரு ஆளே கிடையாது. கேட்பவர் எல்லோரும் வீட்டுக்காரர். மகள் வருகிற நேரத்தில் விருந்தாளியை வாசலில் நிறுத்தினால் யார் ஏற்பார்கள்?

வானொலி பணிந்தது. அதே வருஷம் துர்கா பூஜையின் சஷ்டி நாளன்று பழைய ஒலிப்பதிவை ஒலிபரப்பினார்கள். அடுத்த மஹாளயத்தில் நாலு மணிக்கு மறுபடி அதே குரல். இதை வைத்து 2019-ல் சௌமிக் சென் 'மஹாலயா' என்று ஒரு படமே எடுத்தார். ஜீஷு சென்குப்தா உத்தம்குமாராக, சுபாசிஷ் முகர்ஜி பீரேந்திர கிருஷ்ணராக. பங்கஜ் மல்லிக் 1978-லும் உத்தம்குமார் 1980-லும் போனார்கள். பீரேந்திர கிருஷ்ணர் 1991 வரை இருந்தார்.

தொலைக்காட்சியும் விடவில்லை. வருஷா வருஷம் அன்றைய விடியலில் சேனலுக்கு ஒரு துர்கை வருகிறாள். பெரும்பாலும் அந்தந்த வருஷத்துச் சீரியல் நாயகி. பத்து கை, சூலம், கணினி வரைந்த சிங்கம், புகை. சிங்கத்தைக் கேலி செய்து மத்தியானத்துக்குள் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆனால் கோபம் வருவதில்லை. அது ஐந்து மணிக்கு மேல் வருகிற சமாச்சாரம். நாலு மணியை யாரும் தொடவில்லை.

மேடாக்ஸ் ஸ்கொயர் ஓரத்துத் தெருவுக்கு முன்பு ரிட்சி ரோடு என்று பெயர். இப்போது அது பங்கஜ் மல்லிக் சரணி. டாக்சிக்காரரிடம் புதுப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், விழித்தார். "ரிட்சி ரோடு" என்றதும் வண்டியை எடுத்தார். ஊருக்கு மாற்றம் பிடிக்காது என்றால் பங்கஜ் பாபுவுக்காகக்கூடப் பிடிக்காது போலும்.

மஹாளயத்தன்று கொல்கத்தாவில் இருக்க வாய்த்தால் ரேடியோ தேடி அலைய வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். நாலு மணிக்கு.