துப்பாக்கி மாறியும் மாறாத கச்சேரி

பாலக்காட்டிலிருந்து வாளையாறு வழியாகவும், மூணாறிலிருந்து போடிமெட்டு வழியாகவும் ஊருக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு எல்லை என்றால் ஒரு சோதனைச் சாவடி. பஸ் நிற்கும், புறப்படும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத் தமிழர்களுக்கோ, உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், எல்லை தாண்டுவது உயிர்ப் பிரச்னை.

1987 ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தனர். மறுநாளே இந்திய அமைதிப் படை இறங்கியது. மாலையிட்டு வரவேற்ற மக்கள், அக்டோபரில் அந்தப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டதும் நடுவே சிக்கினர். 1988-ல் வடகிழக்கு மாகாணத்துக்குத் தேர்தல் நடந்து வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். ஆனால் நிதியின் சாவி கொழும்பில். பாதுகாப்பு இந்தியப் படையிடம். 1990 மார்ச்சில் படை கப்பலேறியது. மாகாண அரசும் நிலைக்கவில்லை.

நிலைத்தது கச்சேரிதான். நம் கலெக்டர் ஆபீசை அங்கே கச்சேரி என்பார்கள். கலெக்டர் அங்கே அரசாங்க அதிபர். 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணம் புலிகள் வசம். போலீஸ் அவர்களுடையது, கோர்ட்டும் அவர்களுடையது. ஊரை விட்டு வெளியேற அவர்களிடம் பாஸ் வாங்க வேண்டும். ஆனால் ஆசிரியருக்கும் டாக்டருக்கும் கச்சேரி குமாஸ்தாவுக்கும் சம்பளம் தந்தது கொழும்பு அரசு. நிவாரண உணவுப் பொருளும் அரசாங்க அதிபர் மூலமே வந்தது.

இந்த விசித்திரம் ஏன்? சம்பளத்தை நிறுத்தினால் நாடு பிரிந்துவிட்டதை அரசே ஒப்புக்கொண்டதாகும். புலிகளுக்கோ, ஜனங்களுக்குச் சோறு போடும் பாரம் குறைந்தது. போரிட்ட இருவருக்கும் கச்சேரி வேண்டியிருந்தது.

அதற்காக அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் பாதுகாப்பு இருந்ததா? இல்லை. இந்தியப் படை இருந்தபோதே, 1989-ல், யாழ்ப்பாண அரசாங்க அதிபர் பஞ்சலிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1995 டிசம்பரில் நகரம் இலங்கை ராணுவத்தின் கைக்கு வந்தது. பாஸ் கொடுக்கும் கை மாறியது, பாஸ் ஒழியவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்தது. 2013-ல் வடக்கு மாகாணத் தேர்தலில் வென்று விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். அப்போதும் ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சந்திரசிறி. ராணுவத்தைச் சேராத ஒருவர், முன்னாள் தூதர் பாலிஹக்கார, அந்த இடத்துக்கு வந்தது 2015-ல்தான்.

துப்பாக்கி வழியை மறிக்கும். பிறப்பைப் பதியாது, பென்ஷன் கணக்கு எழுதாது. அந்தக் காரியம், எந்தக் கொடி பறந்தாலும், யாரோ ஒரு குமாஸ்தாவின் மேஜையில் நடந்தாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் அது நடந்தது.