கருவிழியும் மூச்சு விடும்

வடகவுஞ்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார்: “ஒன்பதாம் வகுப்பிலிருந்து கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். லென்ஸ் பழகிய கண்ணுக்கு லேசிக் எனும் லேசர் சிகிச்சை ஆகாது என்கிறார்களே, உண்மையா?”

பெரும்பாலும் ஆகும், மகளே. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். காரணம், கருவிழியின் விசித்திரமான வாழ்க்கை.

கண்ணின் முகப்பில் அரை மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும் இந்தக் கண்ணாடிப் படலத்தில் ரத்தக்குழாயே கிடையாது. ஒளிக்கு வழிவிட ரத்தத்தையே துறந்த திசு அது. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைக் கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நாளெல்லாம் லென்ஸ் மூடியிருந்தால், அதிலும் தூக்கத்திலும் கழற்றாவிட்டால், அதற்கு மூச்சு முட்டும். ஆண்டுக்கணக்கில் திணறினால் விளிம்பிலிருந்து ரத்தக்குழாய்கள் உள்ளே படரத் தொடங்கும். லென்ஸ் அழுத்தி அழுத்தி வளைவும் மாறிப்போகும்.

என் அத்தை இருபது வருடம் கழற்றாத மோதிரத்தைப் பெரிதாக்கக் கொண்டுபோனார். ஆசாரி விரலைப் பார்த்துவிட்டு, “தடம் மறையட்டும், அப்புறம் அளவெடுக்கிறேன்” என்று திருப்பி அனுப்பினார். லேசிக்குக்கும் அதே நியாயம்தான். மென்மையான லென்ஸ் என்றால் ஓரிரு வாரம், கடின லென்ஸ் என்றால் மாதம் அல்லது அதற்கு மேலும் கழற்றிவைக்கச் சொல்வார்கள். அடுத்தடுத்து எடுத்த அளவுகள் ஒத்துப்போன பிறகே லேசர்.

அந்த லேசருக்கும் நமக்கும் உறவுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், 1981 நவம்பரில் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் மீது 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரைச் செலுத்தினார். சுற்றுப்புறம் கருகாமல் துல்லியமாகச் செதுக்கியது அது. அந்தத் துல்லியம்தான் இன்று கருவிழியைச் சீவி பவரைச் சரிசெய்கிறது.

சீவியது மீண்டும் வளராது. அதனால்தான் கருவிழியின் கனம், கண் உலர்வு, கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். கருவிழி மெலிந்தவர்களுக்கு வேண்டாம் என்று சொல்வதும் வைத்தியம்தான்.

லேசருக்கு இத்தனை சோதனை. ஆனால் கல்யாணத்துக்கு நிற லென்ஸைக் கண் பரிசோதனை இல்லாமலே வாங்குகிறார்கள். தோழிகள் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். குழாய்த் தண்ணீரில் கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீரில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற நுண்ணுயிர் பார்வையையே பறித்துவிடக்கூடும். செருப்பைக்கூட அளவு பார்த்து வாங்கும் நாம், கண்ணுக்கு அந்த அக்கறை காட்ட வேண்டாமா?

லேசரை அப்புறம் முடிவு செய்யலாம். இன்றிரவு லென்ஸைக் கழற்றிவிட்டுத் தூங்கு, மகளே. மூச்சு விட்டுத் தன் வடிவத்துக்குத் திரும்பிய கண்தான் மருத்துவரிடம் சரியான அளவைச் சொல்லும்.