ஒரு கைப்பிடி புளியங்கொட்டை... மூணு நாட்டுப் பயணம்!

தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த சித்தேரி மலையில், மாசி, பங்குனி வந்தால் புளி உலுக்கும் காலம். பழம் விலைக்குப் போய்விடும். கொட்டையில் ஒரு கைப்பிடியாவது பிள்ளைகள் பங்குக்கு வரும். அந்த ஒரு கைப்பிடியை வைத்து கானா, நேபாளம், கொரியா என்று மூன்று நாடுகளுக்குப் போய்வரலாம் என்றால் நம்புவீர்களா?

சித்தேரியில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு கேரளா என்று நினைத்துவிட வேண்டாம், தமிழ்தான் பேச்சு. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்பவர்கள். பிழைப்புக்காகப் பெற்றோர் வெளியூர் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது தாத்தா, பாட்டிதான். பல்லாங்குழி, ஆடுபுலி, தாயம் எல்லாம் தெரிந்தவர்களும் அவர்கள்தான். ஆனால், பேரப்பிள்ளைகளின் கையில் இப்போது செல்போன்!

'இதெல்லாம் பழசு' என்று ஒதுக்கும் பிள்ளையிடம், 'இதே ஆட்டத்தை ஆப்பிரிக்காவிலும் ஆடுகிறார்கள்' என்று சொல்லிப் பாருங்கள். கண் விரியும்.

கானா: பட்டினி போடாதே!

நம் பல்லாங்குழியில் ஆளுக்கு 7 குழி. கானாவின் 'ஓவாரே' ஆட்டத்தில் ஆளுக்கு 6. பலகை இல்லையா? 30 முட்டை அடுக்கும் அட்டையில் இரண்டு வரிசையை வெட்டி எடுத்தால் 12 குழி தயார். குழிக்கு 4 வீதம் 48 புளியங்கொட்டை.

தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாகத் தொடங்கி, குழிக்கு ஒன்றாகச் சுற்றிப் போட வேண்டும். கடைசிக் கொட்டை எதிராளியின் குழியில் விழுந்து, அதில் மொத்தம் 2 அல்லது 3 ஆனால் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு விதி அருமையானது: எதிராளியின் குழிகள் எல்லாம் காலியாகிவிட்டால், அவருக்குக் கொட்டை போய்ச் சேரும்படிதான் ஆட வேண்டும். ஜெயிக்கலாம், பட்டினி போடக் கூடாது!

இந்தக் குழி விளையாட்டுக் குடும்பம் பெரியது. கஜகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி நாடுகள் ஆடும் வகைகளை 2020-ல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நேபாளம்: நான்கு புலிகள்

நம் ஊரில் பொதுவாக 3 புலி, 15 ஆடு. நேபாளத்தின் 'பாக் சால்' ஆட்டத்தில் 4 புலி, 20 ஆடு. தரையில் கரியால் 5-க்கு 5 என 25 புள்ளி வைத்து, கோடுகளால் சேர்த்து, குறுக்குக் கோடுகளும் போட்டால் களம் தயார். புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை.

நான்கு மூலையிலும் புலி நிற்கும். ஆடுகள் ஒவ்வொன்றாகக் களமிறங்கும். 5 ஆட்டைத் தாண்டி வெட்டிவிட்டால் புலிக்கு வெற்றி. நகர இடமில்லாமல் எல்லாப் புலியையும் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. தனி ஆடு தோற்கும், சேர்ந்து நின்றால் புலியே முடங்கும் என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

கொரியா: பன்றி ஒன்று, குதிரை ஐந்து

ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையை உருட்டித் தாயம் ஆடுவது நமக்குப் பழக்கம். கொரியாவில் புத்தாண்டுக்குக் குடும்பமே கூடி ஆடும் 'யுட்நோரி'யில் நான்கு குச்சிகள். விரல் பருமனில் இரண்டு குச்சியை எடுத்து நீளவாக்கில் பிளந்தால் நான்கு குச்சி ரெடி.

வீசும்போது பிளந்த பக்கம் ஒன்று மேலே இருந்தால் 1. அதற்குப் பெயர் பன்றி. இரண்டு என்றால் நாய், மூன்று ஆடு, நான்கு மாடு. நான்கும் கவிழ்ந்தால் குதிரை, அதற்கு 5. மாடோ குதிரையோ விழுந்தால் மறுபடி வீசலாம். எதிராளியின் காயை வெட்டினாலும் இன்னொரு வீச்சு. தாயம் தெரிந்த பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். காயாக இங்கேயும் புளியங்கொட்டையே.

முதலில் பாட்டி!

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கானாவுக்குப் போகும் முன், வீட்டுப் பல்லாங்குழியைப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டும். காலிக் குழி வந்தால் என்ன செய்வது, குழியில் 4 சேர்ந்தால் யாருக்கு என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். கானா விதியை இணையத்தில் தேடினால் கிடைத்துவிடும். உங்கள் ஊர் விதி உங்கள் பாட்டியிடம் மட்டுமே இருக்கலாம்.

அதே செல்போனில், பாட்டி ஆடிக்காட்டுவதைப் பிள்ளையை விட்டே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒருநாள் கானாவில் இருக்கும் ஒரு பிள்ளை, 'உங்கள் ஊரில் எப்படி ஆடுவீர்கள்?' என்று கேட்டால், சொல்வதற்கு நம் பிள்ளைக்கும் ஒரு பதில் இருக்க வேண்டும் அல்லவா!