பன்றி தொடாத வீட்டிலும் வரும் வருத்தம்

பிளேன்டியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். கேட்கக் கொஞ்சம் அருவருப்பான விஷயம்தான், ஆனாலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இருக்கிற நாம் தெரிந்துவைக்க வேண்டியது. நாடாப்புழுவால் மூளையில் கட்டி வரும், அதனால் வலிப்பு வரும் என்றால் நம் ஊரில் உடனே ஒரு பதில் கிடைக்கும்: "அது பன்றி தின்கிற ஆக்களுக்கு வாறது, நமக்கென்ன?" அந்தப் பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

பன்றி நாடாப்புழு முழுதாக வளர்ந்து வாழும் இடம் மனிதக் குடல் மட்டுமே. சரியாக வேகாத பன்றி இறைச்சியில் குஞ்சுப்புழு இருந்தால், அதை உண்டவரின் குடலில் அது சில மீட்டர் நீளத்துக்கு வளர்கிறது. வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பெரும்பாலும் அவருக்கே தெரியாது. இதுவரைக்கும் நம் ஊர்ப் பதில் சரிதான். பன்றி உண்ணாதவர் குடலில் இந்தப் புழு வளராது.

ஆனால் மூளைக்குப் போவது அந்தப் புழு அல்ல, அதன் முட்டையிலிருந்து வரும் குஞ்சு. புழு வைத்திருப்பவரின் மலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறுகின்றன. கண்ணுக்குத் தெரியாதவை. கழுவாத கையிலும் அசுத்தத் தண்ணீரிலும் மலம் கலந்த மண்ணில் வளர்ந்த கீரையிலும் ஒட்டிக்கொண்டு இன்னொருவர் வாய்க்குள் போகின்றன. குடலில் முட்டை பொரிந்து, குஞ்சு குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு ஓடி, தசையிலோ மூளையிலோ தங்கி, வெந்த சவ்வரிசி போன்ற நீர்க்கட்டியாகிறது. இறைச்சியே தொடாத, மரக்கறி மட்டும் உண்பவருக்கும் இப்படித்தான் வருகிறது.

இதற்கு ஒரு நல்ல சாட்சி நியூயோர்க்கில் இருக்கிறது. 1990, 91இல் அங்குள்ள பழமை பேணும் யூதர்களில் நான்கு பேருக்கு வலிப்பு வந்தது. நமக்குப் போலவே அவர்களுக்கும் பன்றி விலக்கப்பட்டது. நால்வரும் அதை உண்டதே இல்லை. டாக்டர்மார் தேடிப் போனபோது, அந்த வீடுகளில் வேலை செய்தவர்களில் ஒருவர் குடலில் நாடாப்புழு இருந்தது. அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தங்களிடம் புழு இருப்பது பெரும்பாலானோருக்குத் தெரிவதே இல்லை. நம் பெண்கள் பலர் உழைக்கப் போகும் குவைத்திலும், பன்றி உண்ணாத அரபுக் குடும்பங்களில் இது கண்டறியப்பட்டிருக்கிறது.

எத்தனை பேருக்கு இருக்கிறது? மூளையில் இந்தக் கட்டியோடு உலகில் சுமார் 25 இலட்சம் முதல் 83 இலட்சம் பேர் வரை வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் வேலூர் மாவட்டத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கணக்கில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இதுதான். அதற்கு முன்பு, 1980களின் கடைசியில், அதே கல்லூரியின் மாத்யூ சாண்டியும் ராஜசேகரும் இன்னொரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். வலிப்பு வந்தவர்களின் மூளை ஸ்கேனில் ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்ததைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி, அதுவரை டாக்டர்மார் பலருக்கு நீண்ட காலம் காசநோய் மருந்து கொடுத்துவந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை சாகும் நிலையிலிருந்த நாடாப்புழுக் கட்டிகள், பல தானாகவே கரைந்துவிடுபவை. எத்தனை பேருக்குத் தேவையில்லாத மருந்து மிச்சமானது!

இலங்கையில் இது அரிது. வீட்டுக்கு வீடு மலசலகூடம் இருப்பது அதற்குப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். இனி நாம் உண்ணும் மாட்டிறைச்சி? அதிலும் ஒரு நாடாப்புழு உண்டு. அது குடலோடு நின்றுவிடும், மூளைக்குப் போகாது. நம் வீடுகளில் வேகவைப்பதுபோல நன்றாக வேகவைத்தால் அதுவும் சாகும்.

ஆகவே கவனம் இருக்க வேண்டிய இடம் மலசலகூடமும் கையும் பச்சைக் கீரையும். வல்லாரைச் சம்பலுக்கு இலையை ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாய்க் கழுவுங்கள். சமைக்கும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது முதல் தடவையாக வலிப்பு வந்தால், ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நீங்களாகக் கடையில் பூச்சிக் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள்; மூளையில் பல கட்டிகள் ஒரேயடியாகச் செத்தால் வீக்கம் கூடி உயிருக்கே ஆபத்தாகும்.