கண்ணாடி அலமாரிக்குள் போன கிலுகிலுப்பை

சாமராஜநகரிலிருந்து மைசூர் வழியாகப் பெங்களூருக்கு ரயிலில் வந்தவராயின், சன்னபட்டணா நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். அவ்வூரின் மரக் கிலுகிலுப்பையோ பம்பரமோ உங்கள் வீட்டுத் திண்ணையிலும் உருண்டிருக்கக்கூடும். ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பிள்ளைகளுக்கென்று வாங்கிவந்த எளிய பொருள் அது. இன்றோ அது பெருநகர வீடுகளின் கண்ணாடி அலமாரியில் அமர்ந்திருக்கிறது. வாங்குகிறவர்களும் பெரியவர்கள், பார்த்து மகிழ்கிறவர்களும் பெரியவர்கள். பிள்ளை கைநீட்டினால், "தொடாதே" என்கிறோம்!

அப்பொம்மை யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை அதன் செய்முறையே சொல்லும். கன்னடத்தில் ஆலே மரம் என்றும் தமிழில் வெட்பாலை என்றும் வழங்கும் வெண்மையான மென்மரத்தை உலரவைத்து, கடைசல் எந்திரத்தில் சுழலவிடுகின்றனர். சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராய்வின் சூட்டில் அரக்கு உருகித் தானே படிகிறது. தூரிகைக்கு அங்கே வேலையில்லை. பின்பு தாழை ஓலையால் அழுத்தித் தேய்க்க, பளபளப்பு ஏறுகிறது. கடைந்தெடுத்த உருவமாதலால் கூர்முனை கிடையாது. மஞ்சள் முதலான தாவரச் சாயங்களைச் சேர்த்தால், வாயில் வைத்துக் கடிக்கும் குழந்தைக்கும் அச்சமில்லை. ஆம், கடிப்பதற்கென்றே செய்யப்பட்டது!

திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்து இத்தொழிலை வளர்த்தார் என்று வழிவழியாகச் சொல்லுவர். 2005-06 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள் இதை ஒடுக்கிவிட்டன. 2020-இல் இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்கவரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆக உயர்த்தப்பட்டது சற்றே ஆறுதல். ஆனால் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. பழைய சாலையோரத்துப் பொம்மைக் கடைக்காரர்கள், வண்டிகள் நிற்பதில்லை, வியாபாரம் குறைந்துவிட்டது என்று முறையிட்டனர். பழைய நினைவை நாடி இணையத்தில் பொம்மை தேடுகிற நாம்தாம், அவ்வூரை நிற்காமல் கடக்கிறவர்களும்.

சேகரிப்பது தவறென்று சொல்ல வரவில்லை. அலமாரிக்காக வாங்குகிறவர்களாலும் கடைசல் பட்டறைகளுக்கு வேலை கிடைக்கிறதே. ஆனால் மேலைநாட்டுச் சேகரிப்பாளரின் கணக்கு வேறு. 1959-இல் வெளிவந்த முதல் பார்பி பொம்மை, ஒரு பிள்ளையும் தொடாமல் பெட்டியிலேயே இருந்தால்தான் அதற்கு உயர்ந்த விலை. அந்தக் கணக்கை மரக் கிலுகிலுப்பைக்கு ஏன் கொண்டுவர வேண்டும்? அதன் மேலுள்ள பல்தடம் எந்தப் பிள்ளையுடையது என்று சொல்லத் தெரிந்த வீட்டில், அதற்கு விலைபேச யாரால் முடியும்?

அடுத்தமுறை அவ்வழியே காரில் செல்கையில், ஒருமுறையாவது பழைய சாலையில் திரும்புங்கள். தாவரச் சாயந்தானா என்று கேட்டு, இரண்டாக வாங்குங்கள். ஒன்று அலமாரிக்கு இருக்கட்டும், மற்றது தரையில் உருளட்டும்.