மணலில் ஓடும் மோட்டாருக்கு உயரம் மட்டும் போதுமா?

தனுஷ்கோடிக்கு இன்று தார் ரோடு இருக்கிறது. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அரிச்சல்முனையில் போய் இறங்கலாம். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நிலைமையே வேறு!

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி பட்டணமே அழிந்தது. ரயில் பாதையும் போயிற்று. 'மனிதர் வசிக்கத் தகுதியற்ற ஊர்' என்று அரசாங்கம் அறிவித்தது. ஆயினும் மீனவர்கள் அந்த மண்ணை விட்டுவிடவில்லை.

அதன்பின் 50 ஆண்டுகளுக்கு மேல், முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணல்தான் பாதை. ஜீப்புகளும் வேன்களும் மணலிலும், தேங்கி நின்ற கடல் நீரிலும் தத்தித் தத்திப் போய் வந்தன. 2017-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி, சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9½ கிலோ மீட்டர் நீளமுள்ள சாலை திறக்கப்பட்டது. மணல் பயணத்துக்கு முடிவு வந்தது.

ரோடு வந்தாலும் மணல் எங்கும் போய்விடவில்லை. படகுத் துறைக்கும், மீன் இறங்கும் கரைக்கும் போகிற வண்டி மணலில் இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் பிக்-அப் வண்டி வைத்திருப்போர் பலருக்கு ஓர் ஆசை. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, பெரிய டயர் மாட்டிவிட்டால் எங்கும் ஓட்டலாம் என்பதே அது.

இது நடக்கிற காரியமா? செலவுக்கு ஏற்ற பலன் உண்டா?

மூக்கு ஏன் தாழ்ந்திருக்கிறது?

காலியாக நிற்கும் பிக்-அப் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்பக்கம் உயர்ந்தும், முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். இது தயாரிப்புக் குறை அல்ல. பின்னால் சரக்கு ஏற்றியதும் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கும். அப்போதுதான் வண்டி சமமாக நிற்கும். கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுச் செய்த ஏற்பாடு அது!

'லெவலிங் கிட்' என்பது இந்தத் தாழ்வை நீக்கும் சாமான். முன்பக்கத்துச் சுருள் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு கனத்த வளையத்தை வைப்பார்கள். முன்பக்கம் ஓரிரண்டு அங்குலம் உயரும். மட்கார்டில் உரசாமல் பெரிய டயர் சுழல இடம் கிடைக்கும். முன்னாலும் ஸ்பிரிங் பட்டை உள்ள வண்டிகளுக்கு இந்த வளையம் உதவாது.

சங்கதி இங்கேதான் இருக்கிறது. காலி வண்டியைச் சமமாக்கினீர்கள். பிறகு மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றினால்? பின்பக்கம் அமுங்கும், மூக்கு மேலே தூக்கும். ஸ்டியரிங் பிடிமானம் குறையும். முகப்பு விளக்கின் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் எதிரும் புதிருமாக வண்டிகள் ஓடுகின்றன. அங்கே கண் கூசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றும் அங்கே லேசுப்பட்டதல்ல. பக்கத்திலிருந்த பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோ மீட்டர் வேகத்தை எட்டினால் ரயிலை நிறுத்தும் ஏற்பாடே இருந்தது. வண்டி உயர உயர, காற்றில் ஆட்டம் காணும் தன்மையும் கூடும்.

டயர் கணக்கு

245/70 ஆர் 16 என்ற டயரின் குறுக்களவு சுமார் 749 மில்லி மீட்டர். அதைக் கழற்றிவிட்டு 265/75 ஆர் 16 மாட்டினால் சுமார் 804 மில்லி மீட்டர். வித்தியாசம் 55 மில்லி மீட்டர். ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான். ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம்!

இந்த ஓர் அங்குலத்துக்கு என்ன விலை? சக்கரத்தின் சுற்றளவு நூற்றுக்கு 7 பங்கு கூடுகிறது. வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 64-ல் ஓடும். சக்கரத்தின் இழுவை ஏறக்குறைய அதே அளவு குறையும். மணலில் தேவைப்படுவதே இழுவைதான்! டயரின் கனம் கூடுவதால் பிரேக்குக்கும் வேலை அதிகம்.

மணலுக்கு ஆழமான கட்டைகள் உள்ள சேற்று டயர்தான் நல்லது என்று நினைப்பதும் தவறு. அது மண்ணைத் தோண்டித் தோண்டி வண்டியைப் புதைத்துவிடும்.

காசில்லாத வைத்தியம்

பின், மணலில் வண்டியை மிதக்க வைப்பது எது? டயரில் இருக்கும் காற்றுதான்!

ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது சுமார் 1,100 பவுண்டு. காற்று 30 பவுண்டு அழுத்தத்தில் இருந்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 37 சதுர அங்குலம். காற்றை 15 பவுண்டுக்கு இறக்கினால் அது சுமார் 73 சதுர அங்குலம் ஆகும். டயரின் விறைப்பைப் பொறுத்து இது சற்று முன்பின்னாக இருக்கும். ஆனால் விஷயம் ஒன்றே: பாரம் இரு மடங்கு இடத்தில் பரவுகிறது, மணல் தாங்கிக்கொள்கிறது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் செய்கிற வேலை இது!

இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. மெதுவாக ஓட்ட வேண்டும். சட்டென்று ஒடித்துத் திருப்பக் கூடாது. தார் ரோட்டில் ஏறுமுன் மறுபடி காற்று அடிக்க வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே அளவுமானியும் சிறு பம்பும் வண்டியிலேயே இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பதிலும் சிக்கல் வரலாம். வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமா? கம்பெனி அனுமதித்த டயர் அளவு எது என்று கைப்புத்தகத்தைப் பாருங்கள். அதற்கு மேல் எதுவானாலும் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்ட பிறகே கை வையுங்கள்.

வண்டி போகும் என்பதற்காகக் கரையெல்லாம் ஓட்டவும் கூடாது. அந்த மணலில்தான் கடல் ஆமைகள் முட்டையிடுகின்றன. டயர் ஏறினால் முட்டைகள் நாசமாகும். வழக்கமான தடத்தை விட்டு விலகாதீர்கள்.

மாட்டித்தான் ஆக வேண்டுமா?

அனுமதி கிடைத்து, மாட்டுவதென்று முடிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு டயர் போடுங்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். சரக்கு ஏற்றிய நிலையிலும் அப்படியே பாருங்கள். வீல் அலைன்மென்ட் செய்யாமல் கடையை விட்டு வராதீர்கள். செய்யாவிட்டால் புது டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து போகும். வழக்கமான பாரத்தை ஏற்றி நிறுத்தி, முகப்பு விளக்கைக் கீழ் நோக்கித் திருத்துங்கள்.

உப்பையும் மறக்கக் கூடாது. இந்தக் கரையில் இரும்பைத் தின்பது உப்புக் காற்று. புதிதாக மாட்டிய போல்ட்டு நட்டுகளில்தான் துரு முதலில் பிடிக்கும். கடற்கரைக்குப் போய் வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சில நூறு கிலோ மீட்டர் ஓடிய பிறகு போல்ட்டுகளை ஒரு முறை முடுக்குங்கள்.

இவ்வளவுக்கும் பணம் வேண்டும். டயரில் காற்றை இறக்கி ஏற்ற, அளவுமானியும் பம்பும் போதும். முதலில் அதைச் செய்து பாருங்கள். மணலில் பத்து முறை போய் வந்த பிறகும் வண்டி அடி தட்டுகிறது என்றால், அப்போது உயரத்தைப் பற்றி யோசிக்கலாம்.